வோமார் ஊரில் உடுப்புத் தோய்க்கும் நாள்

வைக்கோல் முழங்காலில் குத்தியது. குத்தட்டும் என்று தவமலர் விட்டுவிட்டாள். குத்திக்கொண்டிருந்தால்தான் மனம் இந்தப் பெட்டிக்குள் இருக்கும், இல்லாவிட்டால் அடுப்பிலிருந்து இறக்கி மூடிவிட்டு வந்த ஆட்டிறைச்சிக் கறிக்கும், மேலே கற்படியில் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிற சற்குணதேவிக்கும் இடையில் ஓடியோடி அலுத்துப்போகும். கறிக்கு உப்புப் போட்டதா. போட்டது. இல்லை, போடக் கையை எடுத்தபோதுதான் ஒதீல் வந்து கதவைத் தட்டினாள். பெட்டி என்றால் மூன்று பக்கமும் பலகை அடித்த சின்னப் பெட்டி, உள்ளே வைக்கோல் பரப்பியிருக்கும், அதில் முழங்காலிட்டுக் குனிந்தால் தண்ணீர் உடம்பில் தெறிக்காது. அந்தக் காலத்தில் வோமார் ஊர்ப் பெண்கள் இப்படித்தான் உடுப்புத் தோய்த்தார்களாம். இப்போது எல்லார் வீட்டிலும் மெஷின். ஆனாலும் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரான்ஸ் முழுக்க மரபுரிமை நாள் என்று பழைய கதவுகளையெல்லாம் திறந்து காட்டுகிறபோது, ஒரு தேவாலயத்தையும் ஓடாத ஒரு திராட்சை ஆலையையும் தவிர வேறொன்றும் இல்லாத இந்த ஊர் தன் துவைதுறையைக் காட்டும். லவுவார் என்பார்கள். ஓட்டுக் கூரை, நடுவில் ஊற்றுத் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் சரிந்த கற்கள். மரபுச் சங்கத்துப் பெண்கள் நீளப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு கல்லுக்கு ஒருத்தியாக முழங்காலிட்டுப் படுக்கை விரிப்பு அலசுவார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் காரில் வந்து படம் எடுப்பார்கள். மரபு என்று பெயர் வைத்துவிட்டால் முழங்கால் வலிகூட வடிவாகிவிடுகிறது. இந்த வருடம் ஜொசியான் அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, ஒரு பெட்டி காலி. அந்தப் பெட்டிக்குத்தான் சங்கத்து ஒதீல் ஆள் தேடி வந்தாள், வந்த நேரம்தான் நேரம், சற்குணதேவி மகனோடு பாரிஸ் பக்கமிருந்து பெண் பார்க்க வந்து இறங்கி முதல் தேநீரை வாயில் வைத்திருந்தாள்.

இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொன்னாள்தானே, சமையல் கிடக்கு, விருந்தாளிகள் வந்திருக்கினம் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். ஒதீல் முகம் வாடி, பரவாயில்லை என்று திரும்பிய நேரத்தில் சற்குணதேவி, அந்த வெள்ளைக்காரப் பெண் என்ன கேட்கிறாள் என்று தவமலரின் மகள் ஆரணியிடம் கேட்டாள். இந்தப் பிள்ளைக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது, ஒளிக்க அதற்கு என்ன இருக்கிறது, உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஊர்க்காரர் மதித்து வந்து கூப்பிடுகிறார்கள், போகாமல் விடலாமா, நாங்களும் வந்து பார்ப்போமே என்றாள் சற்குணதேவி. இதற்கு மேலும் மறுத்தால் ஏன் மறுக்கிறாள் என்று ஒரு கேள்வி வரும். தவமலர் கணவனைப் பார்த்தாள். குலேந்திரன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தான். அந்த மனிதனுக்கு இப்படியான நேரங்களில் கோப்பைக்குள் எப்போதும் ஏதாவது பார்ப்பதற்கு இருக்கும். அவனுக்குத் தெரியும், அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், தவமலர் வடமராட்சியில் ஒரு வண்ணாரப் பெண்ணின் மகள் என்பதும், ஊருக்கே வெளுத்துக் கொடுத்த வீட்டில் பிறந்தவள் என்பதும். ஆரணிக்குத் தெரியாது. சற்குணதேவிக்குத் தெரிந்தால் இன்றைக்கு மத்தியானச் சோறுகூட வாயில் வைக்காமல் கார் ஏறுவாள், மாப்பிள்ளை நிரோஜன் தாயின் பின்னால் போவான். நல்ல பையன்தான். ஆனால் போவான். ஆரணியே ஒருநாள் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, அவன் தாயை மீற மாட்டான் அம்மா என்று சொல்லி அழுதாள். மருந்துக்கடையில் வேலை, தன் காசில் கார், வாய் நிறையப் பிரெஞ்சு, அப்படிப்பட்ட பெண் அழுதாள். அன்றையிலிருந்து தவமலர் இந்த ஒரு நாளை மட்டும் பிழையில்லாமல் கடந்துவிடவேண்டும் என்று கும்பிடாத தெய்வமில்லை.

ஒதீல் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிற தலைப்பக்கத்துக் கற்கள் பெரிய வீட்டுக்காரர்களின் வேலைக்காரிகளுக்கு, அங்கே தண்ணீர் சுத்தம். நடுக்கற்கள் கமக்காரர் வீட்டுப் பெண்களுக்கு. வீடு வீடாக வாங்கிக் கூலிக்குத் தோய்த்தவர்களுக்குக் கீழே, அழுக்குத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடம். எல்லாவற்றிலும் கடைசிக் கல் நோயாளிகளின் துணிக்கும் செத்தவர்களின் துணிக்கும், அதில் மற்றவர்கள் கை வைக்கமாட்டார்கள். வந்தவர்கள் ஆ என்று தலையாட்டினார்கள், ஒருவர் அந்தக் கடைசிக் கல்லைப் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினார், படத்தில் தவமலர் விழுந்தாள். அவளை அங்கேதான் இருத்தியிருந்தார்கள். வேண்டுமென்று இல்லை, பாவம் ஒதீல், காலியாக இருந்த கல் அதுதான். உலகத்தில் எந்த மூலைக்கு ஓடினாலும், பெயர் வாயில் நுழையாத ஊருக்கு வந்து பனியில் பத்தும் பலதும் பட்டுக் குடியிருந்தாலும், இந்தக் கல் முன்னாலேயே வந்து எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறதா. இங்கேயும் தலைக்கல் கடைக்கல். இங்கேயும் செத்தவீட்டுத் துணிக்கு ஒரு ஆள். ஆனால் இவர்கள் அதை ஒலிவாங்கியில் சொல்கிறார்கள். முடிந்துபோன கதை இவர்களுக்கு, அதனால் சொல்லலாம். முடியாதவர்கள் என்ன செய்வது. தண்ணீர் கையைக் கடித்தது. ஊற்றுத் தண்ணீர், கோடையிலும் இப்படித்தான் இருக்குமாம். பக்கத்துக் கல்லில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியை விரிப்பின் ஒரு நுனியை இரண்டு விரலால் பிடித்துச் சிரித்துக்கொண்டு தண்ணீரில் ஆட்டினாள். அதுபோல ஆட்டினால் போதும். எதுவும் தெரியாதவள் மாதிரி, வீட்டில் மெஷினில் போட்டு எடுக்கிறவள் மாதிரி, கொஞ்சம் அருவருத்த மாதிரிகூட. தவமலர் இரண்டு விரலால் பிடித்தாள்.

விரிப்பின் மூலையில் சிவப்பு நூலில் இரண்டு எழுத்துத் தைத்திருந்தது. இது யாரோ பெண் கலியாணத்துக்குக் கொண்டுவந்த சீதனத் துணி, எந்த வீட்டுத் துணி என்று மாறிப்போகாமலிருக்க எழுத்துத் தைப்பார்கள் என்று ஒதீல் மேலே சொல்லிக்கொண்டிருந்தாள். தவமலருக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது, துணியை மடித்து அதை உள்ளே தள்ளினாள். ஊரில் சிவப்பு இல்லை, கறுப்பு. சேங்கொட்டையை ஊசியால் குத்தி அந்தப் பாலைத் தொட்டு அம்மா துணியின் ஓரத்தில் புள்ளி வைப்பாள், ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, இன்னொரு வீட்டுக்கு ஒரு புள்ளடி, தபாற்கந்தோர்க்காரர் வீட்டுக்கு ஏணி மாதிரி ஒன்று. கலைவிழாவுக்குப் போட நல்ல சட்டை இல்லையென்று தவமலர் அழுத அன்று அம்மா வெளுத்து வைத்திருந்த துணிக்குள்ளிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள், ஒரு பின்னேரம்தானே, ஆருக்குத் தெரியப்போகுது என்றாள். நீலம், கழுத்தில் வெள்ளைப் பட்டி. அதைப் போட்டுக்கொண்டு போனபோது காற்று உடம்பில் வேறுவிதமாகப் பட்டது. மேடைக்குப் பக்கத்தில் தபாற்கந்தோர்க்காரரின் மகள் மனோகரி வந்து, சட்டையின் கீழ் ஓரத்தைத் தூக்கித் திருப்பி, அந்த ஏணியை எல்லாருக்கும் காட்டினாள். அது என்ர சட்டை என்றுகூட அவள் சொல்லவில்லை. சும்மா காட்டினாள். அதற்குப் பிறகு தவமலர் எந்தப் புதுத் துணியை வாங்கினாலும், பாரிஸில் பெரிய கடையில் வாங்கினாலும், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பாள். இன்றைக்கு உடுத்திருந்த சேலையைக்கூடப் பார்த்தாள். இந்த வெள்ளைத் தொப்பியையும் ஒதீல் தலையில் வைக்கும் முன் கையில் வாங்கித் திருப்பினாள், ஒதீல் சிரித்து, சுத்தமானதுதான் என்றாள். நான் அழுக்குப் பார்க்கவில்லை அம்மா. என்னைப் பார்த்தேன்.

மேலே சற்குணதேவி அசைந்தாள். இறங்கி வரவில்லை, நிழலுக்கு ஒதுங்கினாள். நல்ல மனுசிதான், கெட்டவள் என்று சொல்லமுடியாது, வரும்போது ஆரணிக்குச் சங்கிலி ஒன்றும் வீட்டுக்கு மாம்பழப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தாள், வாசலில் தவமலரைக் கட்டிப்பிடித்துத் தங்கச்சி என்றாள். பிறகு கேள்விகள். எந்த ஊர், கிளிநொச்சியில் எந்தப் பக்கம், குடியேற்றத் திட்டத்துக்கு முன்னால் தாய்தகப்பன் எங்கே இருந்தவை, எந்தக் கோவில் திருவிழாவுக்குப் போறவை. ஒவ்வொரு கேள்வியும் சீனி போட்டதாகத்தான் வந்தது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் குலேந்திரன் எப்போதோ பதில் தயாரித்து வைத்திருந்தான். கலியாணம் கட்ட முன்னமே, பாரிஸில் ஒரு சின்ன அறையில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு இருவரும் படித்த பாடம் அது. கிளிநொச்சிப் பக்கம், குடியேற்றத் திட்டம், தாய்தகப்பன் ஷெல் விழுந்து செத்துப்போச்சினம், சொந்தம் எல்லாம் சிதறிப்போச்சு. அந்தக் காலத்தில் அப்படிச் செத்தவர்கள் அவ்வளவு பேர், அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் எவருக்குத் தெரியும். அவன் அன்பில்தான் சொன்னான். என்ர வீட்டாக்கள் உன்னைத் தின்னாமலிருக்கத்தான் சொல்லுறன் என்றான். அப்பா உண்மையில் முன்பே போய்விட்டார். ஆனால் அம்மா இருந்தாள். அந்த ரொட்டி தின்ற பின்னேரத்தில் அம்மா குளத்தடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருப்பாள், கடல் தாண்டி மகள் தன்னைச் சாகக் கொடுத்துவிட்டாள் என்று தெரியாமல்.

பிறகும் கனகாலம் இருந்தாள். ஒரு கடைக்காரரின் டெலிபோனுக்கு எடுத்தால் கூப்பிட்டு விடுவார், அம்மா மூச்சு வாங்க ஓடிவந்து, நல்லாயிருக்கிறியோ பிள்ளை, குளிரோ, என்று மட்டும் கேட்பாள். பேத்தியின் படம் ஒன்று அனுப்பச் சொன்னாள். அனுப்பவில்லை, படம் ஊரில் கைமாறிக் கைமாறி எவர் கையில் போய்ச் சேருமோ என்ற பயம். அனுப்பிறன் அம்மா என்று ஒவ்வொரு தரமும் சொன்னாள். அம்மா செத்துப்போன செய்தி வந்த நாளில் வீட்டில் குலேந்திரனின் தமக்கை குடும்பம் நின்றது, ஆரணிக்குப் பிறந்தநாள். தவமலர் குசினிக்குள் போய் ரோல்ஸ் உருட்டினாள். உருட்டி உருட்டிப் பொரித்தாள், வந்தவர்கள் போதும் போதும் என்ற பின்னும் பொரித்தாள், எண்ணெய்ப் புகை கண்ணுக்குள் போய்விட்டது என்று சொன்னால் எவரும் மேலே கேட்கமாட்டார்கள். முன்பே செத்த ஒருத்தி திரும்ப எப்படிச் சாகமுடியும். துடக்குக் காக்கவில்லை, விளக்கு வைக்கவில்லை, அந்தியேட்டி இல்லை. ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் வெள்ளைத் துணி கட்டப் போனவள் அம்மா, அவளுடைய சாவுக்கு வெள்ளை கட்டியது யார் என்றுகூட மகளுக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல ஒருவரும் இல்லை, கேட்க வாயும் இல்லை. ஆரணி மெழுகுதிரியை ஊதினாள், எல்லாரும் பாட்டுப் பாடினார்கள், தவமலரும் பாடினாள்.

இப்போது ஒதீல் தன் கதைக்கு வந்திருந்தாள். வருடாவருடம் சொல்கிற கதை, ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். அவளுடைய பெரியம்மா ஒருத்தி, லெயோனி என்று பெயர், கணவன் சண்டையில் போனபின் தள்ளுவண்டியில் ஊராரின் அழுக்கை ஏற்றிக்கொண்டு வந்து இந்தக் கற்களில் தோய்த்துத்தான் பிள்ளைகளை வளர்த்தாளாம், பனிக்காலத்தில் தண்ணீரின் மேல் உறைந்ததைக் கட்டையால் உடைத்துவிட்டுத் தோய்த்தாளாம், விரல்கள் வெடித்து இரத்தம் வடியுமாம், பெரிய வெள்ளிக்கிழமையில் மட்டும் தோய்க்கமாட்டாளாம், அன்று தோய்த்தால் தன் சவத்துணியையே தோய்க்கிறதாக ஊரில் ஒரு நம்பிக்கை. நான் ஒரு வண்ணாத்தியின் வீட்டுப் பெண் என்று ஒதீல் பிரெஞ்சில் சொன்னாள். கையை நெஞ்சில் வைத்துச் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். மேயர்கூடத் தட்டினார். ஆரணி சற்குணதேவியின் காதில் அதைத் தமிழாக்கியிருக்கவேண்டும், சற்குணதேவியும் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள், முகமெல்லாம் சிரிப்பு. வடிவாயிருக்காம், இவ்வளவு பழசைப் பேணி வைத்திருக்கிறார்களாம், எங்கட சனத்துக்கு இந்தப் புத்தி இல்லையாம். தவமலருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இந்தக் கிழவி லெயோனிக்கு என்ன குடுப்பினை. செத்து எத்தனை காலம், இன்னும் ஒருத்தி அவளை என் ஆள் என்று சொல்ல இருக்கிறாள். சொல்வதற்கு ஒரு வாய் இருந்தால் போதும் போலிருக்கிறது. வாய் எனக்கும் இருக்கிறது. அதில் உப்புப் பார்க்கலாம், பாட்டுப் பாடலாம்.

ஒதீல் கையைக் காட்டினாள், பெண்கள் எல்லாரும் கட்டையை எடுத்தார்கள். தட்டையான மரக்கட்டை, கைபிடியோடு. துணியைக் கல்லில் சுருட்டி வைத்து அதால் மெல்ல அடிக்கவேண்டும், தப் தப் என்று சத்தம் வரும், சனங்களுக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கும். தவமலரும் எடுத்தாள். பிடிப்பதில் ஒரு வில்லங்கமும் இல்லை, இது அம்மா கை பழகாத சாமான், இதில் தன்னை எவரும் கண்டுபிடிக்க ஏலாது என்று கொஞ்சம் ஆறுதல்கூட. தப். நல்லது. தப். பள்ளிக்கூட ஆசிரியை அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். விரிப்பைக் காலையில் சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்கள், பழைய முறையைக் காட்டுவதற்காக. அடிக்க அடிக்க அதற்குள்ளிருந்து வாசம் கிளம்பியது. சாம்பலும் காரமும் ஈரத் துணியும் கலந்த வாசம். உவர்மண்ணில் பிரட்டி வெள்ளாவியில் இரவெல்லாம் அவிந்த துணியை அம்மா காலையில் பிரிக்கிறபோது வருகிற அதே வாசம், அதே, ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. மூக்கு பொய் சொல்லப் படிக்கவில்லை. ஆவிக்குள் அம்மாவின் முகம் தெரியாது, கைதான் தெரியும், கை நீளும், பிடி பிள்ளை, நுனியைப் பிடி, முறுக்கு, விடாதை. கட்டை எப்போது கையை விட்டுப் போனது என்று தவமலருக்குத் தெரியாது. பெட்டியை விட்டு எழுந்ததும் தெரியாது. விரிப்பைத் தண்ணீரில் ஒரு வீச்சு வீசி, இழுத்து, இரண்டு கையாலும் ஒரு முறுக்கு முறுக்கி, தோளுக்கு மேலாகத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து கல்லில் அறைந்தாள். அறைந்த அதே கணத்தில் பல்லுக்குள்ளால் ஸ்ஸ்ஸ் என்று மூச்சு வந்தது. திரும்பத் தூக்கினாள், திரும்ப அறைந்தாள், ஸ்ஸ்ஸ். அந்த மூச்சை ஒருவரும் சொல்லித்தருவதில்லை. குளத்தடியில் நின்று தோய்க்கிறவர்கள் எல்லாரிடமும் அது இருக்கும், பாரம் ஏறாமலிருக்க உடம்பு தானாகக் கண்டுபிடித்த மூச்சு. யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் குளத்துக்குக் கிட்டவாகப் போன எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அடித்துக்கொண்டே போனாள். உடம்பில் சூடு ஏறியது. எத்தனை வருடங்களுக்குப் பிறகு தன் உடம்பு தன்னுடையதாக இருக்கிறது என்று நினைத்தாள், அந்த நினைப்பு முடிவதற்குள் மற்றக் கட்டைகளின் தப் தப் நின்றுபோயிருப்பது காதில் பட்டது.

எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரத் துணி கையில் தொங்கியது. பிராவோ என்று எவரோ சொல்ல, கைதட்டல் கூரைக்குள் முட்டி எதிரொலித்தது. ஒதீல் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆரணி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி, கண் கலங்கி, பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். குலேந்திரன் முகத்தில் இரத்தம் இல்லை. சற்குணதேவி கைதட்டவில்லை. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, தூரத்தில் போகிற ஒரு ஆளின் நடையை எங்கேயோ கண்டிருக்கிறோமே என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு படியில் இறங்கத் தொடங்கினாள். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, வழுக்கும் என்று பார்த்துப் பார்த்து இறங்கினாள். முடிந்தது. இவள் இப்போது வந்து சட்டையின் ஓரத்தைத் திருப்பப்போகிறாள். அகதி முகாமில் பழகினது என்று சொல்லலாமா. முகாமில் எல்லாரும்தான் தோய்த்தார்கள், எவரும் இப்படி மூச்சு விடவில்லை. படத்தில் பார்த்தது என்று சொல்லலாமா. சிரிப்பாள். உண்மையைச் சொன்னால் என்ன. நெஞ்சில் கையை வைத்து, அந்தா அந்த வெள்ளைக்காரி சொன்னாளே, அப்படி. ஆரணி கேட்கட்டும். கேட்டால் பிள்ளைக்குப் புரியும், இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, அவளும் கையைத் தட்டக்கூடும். தட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுவாள். அம்மா, நான் என்ன செய்ய.

சற்குணதேவி கிட்ட வந்துவிட்டாள். வாசனைத் திரவிய மணம் சாம்பல் வாசத்தை அமுக்கியது. அவள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

“எங்க பழகினனீங்கள் தங்கச்சி, இந்த அடியும் மூச்சும்?”

“எங்கட அம்மா,” என்று தவமலர் தொடங்கினாள். தொடங்கிய பிறகு நின்றாள். அந்த இரண்டு சொல்லும் வெளியே வந்து காற்றில் நின்றன, அவற்றைத் திரும்ப விழுங்க முடியாது, அவற்றோடு சேர்த்து ஏதாவது சொல்லத்தான் வேண்டும். குலேந்திரன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆரணி நிரோஜனின் கையைப் பிடித்திருந்தாள், எவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, விரலோடு விரலாக.

“எங்கட அம்மா வீட்டை ஒரு கட்டாடிப் பெண் வாறவள். வள்ளியெண்டு பேர். சின்னனில அவள் தோய்க்கிறதைப் பாத்துப் பாத்து நாங்கள் விளையாட்டுக்குச் செய்யிறனாங்கள். அதுதான் கைக்கு வந்திட்டுது போல.”

அம்மாவின் பெயரை எவ்வளவு காலத்துக்குப் பிறகு வாயால் சொல்கிறாள். வேறு ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம், எத்தனை பெயர் கிடக்கிறது, இதுதான் வந்தது. சற்குணதேவியின் முகத்தில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. அவள் உரக்கச் சிரித்தாள், தவமலரின் ஈரக் கையைப் பிடித்து உலுக்கினாள். ஐயோ, நான் ஒரு நிமிஷம் என்னவோ நினைச்சிட்டன் என்றாள். தங்கள் வீட்டுக்கும் ஒருத்தி வருவாளாம், அவளும் இப்படித்தான் சீறுவாளாம், தானும் தங்கைமாரும் அவளுக்குப் பின்னால் நின்று அதேபோலச் செய்து காட்டி அவளை அழவைப்பார்களாம். சொல்லிக்கொண்டே உதட்டைச் சுழித்து ஸ்ஸ்ஸ் என்று செய்து காட்டினாள். நன்றாகச் செய்தாள். தவமலர் சிரித்தாள். சிரிக்காமலிருந்தால் பிழையாகிவிடும், அதனால் சற்குணதேவி நிறுத்தும்வரை சிரித்தாள். அவையள் இப்ப வெளிநாட்டில எங்களைவிட நல்லா இருக்கினம், ஆர் எவரெண்டு கண்டுபிடிக்கிறதே கஷ்டமாப் போச்சு என்று சற்குணதேவி மூச்சு விட்டாள். பிறகு, பசிக்குது, வாங்கோ சம்மந்தி, சாப்பிட்டுட்டு நல்ல நாள் ஒண்டு பாப்பம் என்றாள். சம்மந்தி என்றாள். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்த நாள் முழுக்க, இந்த வாழ்க்கை முழுக்க. மேலே குலேந்திரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

அவர்கள் என்ன பேசிச் சிரித்தார்கள் என்று ஒதீல் ஆவலோடு ஆரணியைக் கேட்டாள். ஆரணி உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒதீலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் ஒலிவாங்கியைத் திரும்ப எடுத்து, ஒரு நிமிடம் என்று சனங்களை நிறுத்தி, நம்முடைய மதாம் தவா இந்த அழகான முறையை யாரிடம் கற்றார் தெரியுமா, இலங்கையில் அவர்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த ஒரு ஏழை வண்ணாத்தியிடம், அவளுடைய பெயர் வள்ளி என்றாள். வல்லி என்றுதான் அவள் வாயில் வந்தது. நம்முடைய லெயோனியோடு சேர்த்து, எவருக்கும் நினைவில்லாத அந்தப் பெண்ணையும் இன்று நாம் நினைப்போம் என்று சொல்லி, ஒலிவாங்கியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் அவளே கைதட்டினாள். மேயர் தட்டினார், பள்ளிக்கூட ஆசிரியை முழங்காலிட்டபடியே தட்டினாள், காரில் வந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள், ஆரணி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். சற்குணதேவியும் தட்டிவிட்டு, நீங்களும் தட்டுங்கோவன் என்று முழங்கையால் இடித்தாள். தவமலர் துணியைக் கல்லில் வைத்துவிட்டுக் கைதட்டினாள்.